நாக்கு நலமாக இருக்கிறது

நெருப்பைக் கண்டுபிடித்தவன் யார் என்று எவருக்கும் தெரியாது. பாவம், அவனுக்கு அலுவலகம் இல்லை, பதிவேடு இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் வாயில் பதினான்கு மாதமாக எரிந்துகொண்டிருந்த நெருப்பை டார்ச் அடித்துத் தேடி, பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, கடைசியில் கை தூக்கி வாக்கெடுப்பு நடத்தி, 'இல்லை' என்று ஏகமனதாகக் கண்டுபிடித்த மேதைகளின் பெயர்கள் திஸாகூட் நகர சுகாதார அலுவலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஹங்கேரியில் எத்தனையோ ஊர்கள் உண்டு. மருத்துவத்தை வாக்கெடுப்பு வரைக்கும் உயர்த்திய பெருமை திஸாகூட்டுக்கு மட்டுமே சேரும்.

அந்த வாய்க்குச் சொந்தக்காரி வட்கெர்தி எதெல்கா. வயது அறுபத்தொன்று. திஸாகூட் மிளகாய் ஆலையில் முப்பத்திரண்டு வருடம் ருசி பார்க்கும் வேலையில் இருந்தவள். அரைத்த பொடியில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்து, "இது இனிப்பு ரகம், இது நடுத்தரம், இது காரம்" என்று அவள் சொன்னால் சொன்னதுதான். மூட்டையில் முத்திரை விழுந்துவிடும். ஆய்வகத்துக் கருவி வேறு மாதிரி சொன்னால் கருவியைப் பழுது பார்க்க அனுப்புவார்கள்.

அப்பேர்ப்பட்ட நாக்கு, அவள் ஓய்வு பெற்ற மறு வருடம் தன் பாட்டுக்கு எரிய ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் சாதுவாக இருக்கும். காப்பி குடிக்கும் நேரத்துக்கு நுனியில் சுருக்கென்று ஒன்று. மத்தியானம் நாக்கு முழுக்கப் பரவும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொதிக்கிற மீன் சூப்பை அப்போதுதான் வாயில் கவிழ்த்தது போல மேலண்ணம், உதடு என்று எல்லாம் எரியும். தண்ணீர் குடித்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பின ருசி. இத்தனைக்கும் அவள் மிளகாயைக் கண்ணால் பார்த்து ஒரு வருடமாகிறது. வெந்த உருளைக்கிழங்கும் பாலாடையும் தின்றே காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். திஸாகூட்டில் மிளகாய்ப்பொடி போடாத உருளைக்கிழங்கைத் தின்பது கிட்டத்தட்ட தேசத்துரோகம். அதையும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்தாள்.

தலைமை டாக்டர் போக்னார் கண்ணியமான மனிதர். இருபது வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். நோயாளிகளால் அந்த நாற்காலிக்கு ஒரு கெட்ட பெயரும் வரவில்லை என்பதில் அவருக்குத் தனிப் பெருமிதம்.

"நாக்க நீட்டுங்கம்மா."

எதெல்கா நீட்டினாள்.

"அடடா!"

"என்ன டாக்டர், ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணுமே தெரியல. அதான் அடடாங்கறேன். ரோஸ் கலரு, நல்ல ஈரம், ஒரு புண்ணு இல்ல, வெடிப்பு இல்ல. பாடப் புஸ்தகத்துல போடலாம் போங்க."

"எரியுது டாக்டர்."

"எங்க எரியுது?"

"நாக்குல. மேலண்ணத்துல. உதட்டுக்கு உள்பக்கம்."

"அங்கல்லாம் பாத்தாச்சேம்மா. அங்க இல்லியே."

"அங்கதான் எரியுது."

"நான் பாத்தப்ப எரியல" என்றார் டாக்டர், ஒரு நீதிபதியின் பொறுமையோடு. "வீட்ல ஏதாவது கவலையா?"

"ஒரே ஒரு கவலைதான் டாக்டர். வாய் எரியுதேன்னு."

"பாத்தீங்களா! கவலை இருக்கு." அவர் குறித்துக்கொண்டார். படிவத்தில் 'கண்ணால் கண்டது' என்ற கட்டத்தில் 'ஏதுமில்லை' என்று எழுதினார். கண்ணால் காண முடியாத வியாதிகள் திஸாகூட்டில் ஒரு தனிக் குழுவுக்குப் போகும். அதன் பெயர் 'புலப்படா உபாதைகள் பரிசீலனைக் குழு'. காண முடியாததை எப்படிப் பரிசீலிப்பார்கள் என்று கேட்பது நாகரிகமில்லை.

குழு கூட இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் எதெல்கா ஆற்றங்கரைத் தெரு மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரன் ஜோம்போருக்கு நாற்பது வயது இருக்கும். ஊரில் காது கொடுத்துக் கேட்கிறவன் அவன் ஒருவன்தான். அதனாலேயே அவன் கடையில் எப்போதும் கூட்டம், வியாபாரம் குறைவு.

"அக்கா, இது உங்களுக்கு மட்டும் இல்ல, நெறைய பேருக்கு வருது. அதுலயும் உங்க வயசுப் பொம்பளைங்களுக்கு. நாக்கு நல்லாத்தான் இருக்கும். நாக்குலேர்ந்து சேதி கொண்டுபோற நரம்புதான் பொய் சொல்லுது."

"அப்ப எரியறது பொய்யாடா தம்பி?"

"எரியறது நெஜம்க்கா. நரம்பு சொல்ற காரணம்தான் பொய்."

பதினான்கு மாதத்தில் 'நெஜம்' என்ற வார்த்தையை ஒருவன் வாயிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜோம்போர் அவளை மாவட்டத் தலைநகரில் இருந்த வாய் நோய் நிபுணரிடம் அனுப்பினான். நிபுணர் ஒரு வாரத்துக்கு மட்டும் ஒரு சின்ன மாத்திரை எழுதித் தந்தார். தொடர்ந்து வேண்டுமென்றால் உள்ளூர்த் தலைமை டாக்டர் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும்.

"முழுங்கப்படாது, தெரியுதா?" என்று ஜோம்போர் சொல்லிக் கொடுத்தான். "நாக்கு மேல வெச்சு மூணு நிமிஷம் கரைய விடுங்க. எரியற இடமெல்லாம் படட்டும். அப்புறம் துப்பிடுங்க. அவ்ளோதான்."

மூன்றாம் நாள் சாயங்காலம் எதெல்கா பிளம்ஸ் கொழுக்கட்டை செய்தாள். உருளைக்கிழங்கு மாவுக்குள் லவங்கப்பட்டைப் பொடி தூவிய பிளம்ஸ் பழத்தை வைத்து உருட்டி, வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டினாள். ஆறு மணி. வழக்கமாக வாயில் அடுப்பு மூட்டும் நேரம். முதல் கொழுக்கட்டையைக் கடித்தாள். பழம் பழமாக இருந்தது. பட்டை பட்டையாக இருந்தது. வெண்ணெய் கொஞ்சம் கருகியிருந்தது, அதுகூடத் தெரிந்தது. ஒன்பது கொழுக்கட்டை தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். அத்தனை நாளும் எரிந்து அழுதவள் அன்றைக்கு எரியாமல் அழுதாள். இனி அந்தக் கையெழுத்தை வாங்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

குழு கூடியது. நடுவில் டாக்டர் போக்னார். அவருக்கு இடப்பக்கம் குறிப்பெழுதும் ரோஸாலியா, அலுவலகச் சட்டங்கள் அனைத்தையும் மனப்பாடம் செய்தவள். வலப்பக்கம் திஸாகூட் மிளகாய்ச் சங்கத் தலைவர் பால்ஃபி லேனார்ட். மருத்துவக் குழுவில் மிளகாய்ச் சங்கத்துக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். திஸாகூட்டில் 'எரிச்சல்' என்ற சொல் வருகிற எந்தக் கோப்புக்கும் மிளகாய்ச் சங்கத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். இரண்டு தீயணைப்பு வண்டிகள் வாங்கியதற்குக்கூட அவர்தான் சான்று கொடுத்தார். எதெல்கா எதிரே நின்றாள். ஆலோசகன் என்ற முறையில் ஜோம்போருக்கும் கதவோரம் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். மேஜையில் ஒரு தட்டு நிறைய உப்பு ரொட்டி. அது இல்லாமல் அந்த ஊரில் கூட்டம் செல்லாது.

"மூணு நிமிஷம் கழிச்சு என்ன பண்ணணும்னீங்க?" என்றார் டாக்டர், ஜோம்போரிடம்.

"துப்பணும் டாக்டர்."

லேனார்ட் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அரசாங்கம் குடுத்த மருந்தையா?"

"ஆமா தலைவரே. துப்புனாத்தான் மயக்கம் வராது. நாக்குல பட்டாப் போதும்."

ரோஸாலியா கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். "விதி என்ன சொல்லுதுன்னா, நோயாளி உட்கொள்ளாத மருந்தைத் திரும்ப ஒப்படைக்கணும். எங்கம்மா துப்புனீங்க?"

"வாஷ்பேசின்ல."

"அது அலுவலகத்தோட வாஷ்பேசினா?"

"என் வீட்டு வாஷ்பேசின்."

"அப்ப அரசு மருந்து தனியார் சாக்கடைல போயிருக்கு." அவள் எழுதிக்கொண்டாள். "இனிமே மூடி போட்ட ஜாடில துப்பி, பேரு, தேதி, நேரம் ஒட்டி, வெள்ளிக்கிழமை தோறும் கொண்டுவந்து குடுத்துரணும்."

"குடுத்தா கையெழுத்துப் போடுவீங்களா?"

"ஜாடிய வாங்கறதுக்கு ஒரு பிரிவு ஆரம்பிக்கணும். அதுக்கு அப்புறம்."

"எவ்ளோ நாளாகும்?"

"ஆரம்பிக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணவே ஒரு குழு போடணும்மா. அவசரப்பட்டா எப்படி?"

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்த லேனார்ட் இப்போது மேஜையில் தட்டினார். அவருக்கு வேறு கவலை. "எதெல்கா, நீ எங்க ஆலையில முப்பத்திரண்டு வருஷம் மிளகா ருசி பாத்தவ. உனக்கு வாய் எரியுதுன்னு வெளியில தெரிஞ்சா, வாங்கறவன் என்ன நெனப்பான்? எங்க மிளகாதான் காரணம்பான். உனக்கு ஊர் முக்கியமா, வாய் முக்கியமா?"

"வாய்தான் தலைவரே" என்றாள் எதெல்கா. "ஊர் எரியலையே."

இந்தப் பதில் பதிவேட்டில் இல்லை. ரோஸாலியா அந்த நேரம் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

லேனார்டிடம் ஒரு யோசனை இருந்தது. மிளகாயின் பெயர் மிளகாயாலேயே காப்பாற்றப்பட வேண்டும். "வெளிநாட்டுல மிளகாத் தண்ணிய வாயில ஊத்திக் கொப்பளிக்க விடறாங்களாம். எரிச்சல எரிச்சலே அடக்கிடுமாம். நெஜமா இல்லியா ஜோம்போர்?"

"நெஜம்தான்யா. சில பேருக்குக் கேக்குது. ஆனா ரொம்ப ரொம்பக் கொஞ்சமா கலக்கணும். எல்லாருக்கும் ஒத்துக்கறதும் இல்ல."

"நம்ம ஊர்ல 'ரொம்ப ரொம்பக் கொஞ்சம்'னு ஒரு அளவே கெடையாதே" என்றார் லேனார்ட். எல்லோரும் தலையாட்டினார்கள். 'திஸாகூட் முறை' அந்த நிமிடமே பிறந்தது. எதெல்காவின் வாயில் நெருப்பு 'இல்லை' என்று மூவரும் கை தூக்கி ஏகமனதாக முடிவு செய்தார்கள். அவள் மனு, முறையின் வெற்றி தெரியும் வரை ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த வாரம் செயல்விளக்கம். மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காகக் குழு உறுப்பினர்களே முதலில் கொப்பளித்துக் காட்டுவது என்று ஏற்பாடு. நகரப் பத்திரிகையின் புகைப்படக்காரர் வந்திருந்தார். சங்கத்திலேயே அதிகக் காரமுள்ள பொடி எதுவோ அதைக் கலந்து, சிவப்பாக, சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி வரிசையாக வைத்திருந்தார்கள். வாயில் விட்டு, ஒரு நிமிடம் சுழற்றி, துப்ப வேண்டும். துப்புவதற்கு ஜாடிகளும் இருந்தன. பெயர், தேதி, நேரம் ஒட்டியாகிவிட்டது. இந்தத் தடவை எதிலும் குறை வைக்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. கையில் ஒரு மடக்கு அளவுக் குப்பி, எதிரே நாலு பேர், மேஜையில் உப்பு ரொட்டி. இப்படி ஒரு சந்தர்ப்பத்தில் ஹங்கேரிக்காரன் கை என்ன செய்யுமோ அதைத்தான் லேனார்டின் கையும் செய்தது. குப்பியை உயர்த்தினார். ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்தார். "ஆரோக்கியத்துக்கு!" என்றார். "ஆரோக்கியத்துக்கு!" என்றார்கள் டாக்டரும் ரோஸாலியாவும். மூன்று பேரும் தலையை அண்ணாந்து ஒரே மடக்கில் உள்ளே தள்ளினார்கள். பிறந்ததிலிருந்து பழகிய பழச்சாராயப் பழக்கம். குப்பியை உயர்த்தி வாழ்த்துச் சொன்ன பிறகு துப்புவது அந்த மண்ணில் கேள்விப்படாத அவமரியாதை.

முதல் இரண்டு நொடி ஒன்றும் இல்லை. மூன்றாம் நொடியில் டாக்டர் போக்னார் எழுந்து நின்றார். நான்காம் நொடியில் பூச்சாடியிலிருந்த பூக்களை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தார். ரோஸாலியா பதிவேட்டால் நாக்குக்கு விசிறிக்கொண்டாள். லேனார்ட் தலைவர் அல்லவா, அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணீர் மட்டும் மீசை வழியாக இறங்கிச் சட்டையில் சொட்டியது.

"எரியுது!" என்று அலறினார் டாக்டர். "யாராச்சும் பாருங்களேன்!"

எதெல்கா மேஜையிலிருந்த டார்ச்சை எடுத்தாள். "நாக்க நீட்டுங்க டாக்டர்."

நீட்டினார்.

"அடடா! ரோஸ் கலரு, நல்ல ஈரம். ஒரு புண்ணு இல்ல."

"எரியுதும்மா!"

"நான் பாத்தப்ப எரியல டாக்டர். வீட்ல ஏதாவது கவலையா?"

ஜோம்போர் கதவோரம் திரும்பி நின்று இருமினான். இருமல் நிற்க வெகு நேரமாயிற்று. பிறகு ஓடிப்போய்த் தன் கடையிலிருந்து மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை எடுத்துவந்தான். பல் பிடுங்கும்போது தடவுவார்களே, அது. மூன்று பேர் நாக்கிலும் தாராளமாகத் தடவினான். இரண்டு நிமிடத்தில் மூன்று பேரும் சாந்தமானார்கள். நாக்கு இருக்கிற இடம் தெரியவில்லை. பேச வாயெடுத்தால் எச்சில் மட்டும் வந்தது.

அன்றைக்கு அதன் பிறகு நடந்ததுதான் சரித்திரம். கூட்டத்தில் இன்னும் பதினோரு தீர்மானங்கள் பாக்கி இருந்தன. வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் சண்டை நடக்கும். அன்று பதினொன்றும் ஒன்பது நிமிடத்தில் நிறைவேறின. ஆட்சேபணை இல்லை, திருத்தம் இல்லை, "ஒரு சின்ன விளக்கம்" என்று எழுகிற ஆள் இல்லை. டாக்டர் போக்னார் தன் மரத்த நாக்கோடு அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் ஒரு ஒளி பரவியதை எதெல்கா பார்த்தாள். அப்போது அது எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை.

மிளகாய்த் தண்ணீர் பற்றி, 'முறையின் வீரியம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானது. மேல் ஆய்வு தேவை' என்று பதிவாயிற்று. நோயாளிகளுக்கான அதிகாரபூர்வச் சிகிச்சையாக ஜெல் அறிவிக்கப்பட்டது.

"ஜெல்லுல தப்பில்லக்கா" என்றான் ஜோம்போர். "அரை மணி நேரம் தாங்கும். அப்புறம் திரும்ப வந்துரும். சாப்பிடறதுக்கு முன்ன தடவினா நாக்கக் கடிச்சுக்குவீங்க. உங்களுக்கு அந்த மாத்திரைதான் கேட்டுச்சு, அதையே கேளுங்க."

"எங்க போயி கேக்கறது?"

"புதன்கிழமை பத்து மணிக்குப் புகார் நேரம் இருக்குல்ல? நேர்ல போயி வாய்விட்டுச் சொல்லுங்க. மூணு தடவை புகார் பதிவாச்சுன்னா மனுவ மறுபடி எடுத்தே ஆகணும், அதுதான் சட்டம்."

புதன்கிழமை எதெல்கா போனாள். அவளைப் போலவே வாய் எரிகிற இன்னும் ஐந்து பெண்கள் வரிசையில் நின்றார்கள். இத்தனை நாள் ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தவர்கள். அலுவலக வாசலிலேயே ஒரு நர்ஸ் ஜெல் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாயத் தெறங்கம்மா. சிகிச்சை."

"உள்ள போயி பேசிட்டு வந்து தடவிக்கறேனே."

"சிகிச்சைய மறுத்தவங்க, சிகிச்சையப் பத்திப் புகார் சொல்ல முடியாதும்மா. நியாயந்தானே?"

நியாயமாகத்தான் இருந்தது. எதெல்கா வாயைத் திறந்தாள். பத்து மணிக்குப் புகார் ஜன்னல் திறந்தபோது அவள் வாயில் நாக்குக்குப் பதில் மடித்து வைத்த துண்டு ஒன்று கிடந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ரோஸாலியா பேனாவோடு தயாராக இருந்தாள். "சொல்லுங்கம்மா, என்ன புகார்?"

எதெல்காவின் உதட்டோரம் எச்சில் வழிந்தது. அவள் பையிலிருந்து காகிதம் எடுத்து, 'எரிகிறது. மாத்திரை வேண்டும்' என்று எழுதி நீட்டினாள்.

ரோஸாலியா அதை மரியாதையோடு வாங்கிப் படித்தாள். "எழுத்து மூலமான புகாரை வாய்மொழியா உறுதிப்படுத்தணும்மா. 'ஆமா, இது நான் சொன்னதுதான்'னு ஒரு தடவை சத்தமா சொல்லிருங்க, போதும்."

எதெல்கா முயன்றாள். வரிசையில் இருந்த மற்ற ஐந்து பேரும் அவளுக்காகச் சேர்ந்து முயன்றார்கள். மாட்டுத் தொழுவம் போல ஒரு சத்தம் எழுந்தது. ரோஸாலியா காத்திருந்தாள், பிறகு 'உறுதி செய்யப்படவில்லை' என்று முத்திரை குத்தினாள். பத்தரைக்கு ஜன்னல் மூடியது. பத்தே முக்காலுக்குப் பேச்சு திரும்பியது. பதினொன்றுக்கு எரிச்சல் திரும்பியது. ஆறு பெண்களும் மூடிய ஜன்னலைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அது அலுவலக நேரத்துக்கு வெளியே நடந்ததால் கணக்கில் வராது.

இப்படி மூன்று மாதம். திஸாகூட்டில் வாய் எரிச்சல் புகார்கள் பூஜ்ஜியம். இவ்வளவு துப்புரவான பூஜ்ஜியத்தை மாவட்டம் அதற்கு முன் கண்டதில்லை. விருது அறிவிக்கப்பட்டது. விருதை வழங்க மாவட்ட ஆய்வாளர் டாக்டர் ஹய்னல்கா நேரிலேயே வருகிறார் என்று சேதி வந்தது.

"அந்தம்மா ஒரு கையெழுத்துப் போட்டா உள்ளூர்ல யாரும் வேண்டாம்க்கா" என்றான் ஜோம்போர். அவனே மனுவைப் புதிதாக எழுதிக் கொடுத்தான். "எப்படியாச்சும் அவங்க கையில குடுத்துருங்க."

விழா நாளன்று எதெல்கா நீலப் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டாள். மனுவை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். மண்டப வாசலில் நர்ஸ் இருந்தாள், டப்பாவும் இருந்தது. தப்ப வழியில்லை. தேசிய கீதத்துக்கு ஊர் வாயைத் திறந்தது, ஆறு பெண்கள் மட்டும் எச்சிலை விழுங்கினார்கள். லேனார்ட் நீண்ட நேரம் பேசினார். 'மிளகாய்க்கும் நாக்குக்கும் நூற்றாண்டுகளாக உள்ள நல்லுறவு' பற்றி. டாக்டர் போக்னார் சுருக்கமாகப் பேசினார். பிறகு, "நம் சிகிச்சையின் முதல் பயனாளி, வட்கெர்தி எதெல்கா!" என்று மேடைக்கு அழைத்தார். கைதட்டல்.

ஆய்வாளர் கனிவானவர். எதெல்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுங்கம்மா, இப்ப எரிச்சல் எப்படி இருக்கு?"

எதெல்கா கைப்பையைத் திறந்து மனுவை நீட்டினாள். ஆய்வாளர் அதை நின்றபடியே கவனமாக, கடைசி வரி வரை படித்தார். பழம் பழமாக, பட்டை பட்டையாக இருக்கிற ஒரு சாயங்காலம் ஒரு கையெழுத்துத் தூரத்தில் நின்றது.

"மாத்திரைக்கான மனுவா?" ஆய்வாளர் தன் கோப்பைப் புரட்டினார். "ஆனா இங்க உங்களக் குணமானவங்கன்னு போட்டிருக்கேம்மா. மூணு மாசத்துல ஒரு புகார் இல்ல. குணமானவங்களுக்கு மருந்து எழுத எனக்கு அதிகாரம் கெடையாதே." அவர் மனுவை அழகாக மடித்து, எதெல்காவின் கைப்பையில் தானே திரும்ப வைத்து, கொக்கியையும் போட்டுவிட்டார். "உங்க டாக்டருக்கு நன்றி சொல்லுங்க."

எதெல்காவுக்குக் கோபம் வந்தது. பதினெட்டு மாதக் கோபம். வாயில் வார்த்தை இல்லை. இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் மரத்துப்போயிருந்தது. அவள் அதை வெளியே நீட்டினாள். ஆய்வாளரைப் பார்த்து ஒரு முறை. டாக்டரைப் பார்த்து ஒரு முறை. லேனார்டைப் பார்த்து, கண்ணை உருட்டி, அடித்தொண்டை தெரிய, நிதானமாக ஒரு முறை.

புகைப்படக்காரரின் விளக்கு பளிச்சென்றது.

"பாருங்க!" என்று டாக்டர் போக்னார் துள்ளி எழுந்தார். "கேக்காமலேயே காட்டறாங்க! ரோஸ் கலரு, நல்ல ஈரம்! இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் படத்தில் மூக்குக்கு மேலே உள்ளதையெல்லாம் வெட்டி நீக்கிவிட்டு, வாயை மட்டும் ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, மாவட்டத்தின் எல்லாச் சுகாதார அலுவலகங்களிலும் மாட்டினார்கள். 'எங்கள் நாக்கு நலமாக இருக்கிறது' என்று கீழே கொட்டை எழுத்து. குடிநீர், சாலை, ஓய்வூதியப் பிரிவுகளும் புகார் நேரத்துக்கு ஆளுக்கொரு டப்பா ஜெல் கேட்டு எழுதியிருப்பதாகத் தகவல்.

இலையுதிர் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நர்ஸ் இல்லாத நாளாகப் பார்த்து, எதெல்கா அதே மனுவோடு டாக்டர் போக்னாரின் அறைக்குள் நுழைந்தாள். தலையில் குளிருக்கு முக்காடு. டாக்டர் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை, அது அவர் துறை இல்லை. டார்ச்சை எடுத்தார், நாக்கைப் பார்த்தார், அணைத்தார்.

"ஒண்ணுமே இல்லியேம்மா. சும்மா எரியுது எரியுதுன்னா எப்படி? அந்தச் செவுத்துல பாருங்க." அவர் படத்தைக் காட்டினார். "அதுதான் மாதிரி நாக்கு. உங்களுதும் அச்சு அசலா அப்படியேதான் இருக்கு."

எதெல்கா படத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அந்தம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு டாக்டர்?"

"பிரமாதமா இருக்கு."

"அவங்களக் கேட்டீங்களா?"

டாக்டர் போக்னார் முதல் தடவையாகச் சிரித்தார். விவரம் தெரியாத ஜனங்களிடம் அவருக்கு எப்போதுமே கொஞ்சம் இரக்கம் உண்டு.

"நாக்கதான் பாத்தாச்சேம்மா. அப்புறம் அவங்கள எதுக்குக் கேக்கணும்?"